சொல்லைப் பிளந்த கத்தரி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் கல்லூரி மாணவர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



நாங்கள் ஐவர், இக்காலனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கல்லூரிப் பயிற்சிக்காக மூன்று நிமிடப் பாட்டு ஒன்றினைப் படமாக்கினோம். எங்களுள் ஒருத்தியின் தாயார் எழுதிய பாட்டு அது. ஊரில் பூட்டிக் கிடக்கும் தம் பிறந்த வீட்டைப் பற்றியது. படம்பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. தொகுக்க இரண்டு திங்கள் ஆயின. அவ்விரண்டு திங்களில் கற்றதைச் சொல்லவே இங்கு நிற்கின்றோம்.

படத்தொகுப்பின் ஆற்றலைக் காட்ட ருசிய நாட்டில் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குலெஷோவ் என்பார் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடு ஒருமுறையும், சவப்பெட்டியோடு ஒருமுறையும் இணைத்துக் காட்டினார். முகம் ஒன்றே, ஆயினும் பார்த்தவர்கள் முன்னதில் பசியையும் பின்னதில் துயரையும் கண்டனர் என்பர்.

இதனைப் படித்த நாங்களும் சோதனைகளில் இறங்கினோம். முதலாவது, தாளத்திற்கு வெட்டுவது. எங்கள் பாட்டு நிமிடத்திற்கு 100 தட்டு. படமோ நொடிக்கு 25 பிரேம். ஆகவே ஒரு தட்டுக்குச் சரியாக 15 பிரேம். கணக்குப் பொருந்தியதில் மகிழ்ந்துபோய், இரண்டு தட்டுக்கு ஒரு வெட்டாகப் பாட்டு முழுவதையும் 150 துண்டுகளாக்கினோம்.

இரண்டாவது, மெதுவாக அசையும் காட்சி. பாட்டை இருமடங்கு விரைவில் ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப வாயசைத்து, நொடிக்கு 50 பிரேமாகப் பிடிக்க வேண்டும். அதனை 25 ஆக ஓட்டினால் உடல் மெல்ல அசையும். வாயசைவு பாட்டோடு பொருந்தும். ஆனால் வாயசைத்தவர்கள் பாட்டைத் தேவநாகரியில் எழுதிவைத்து உருப்போட்ட நாங்கள்தாம். விரைவில் விழுங்கிய சொற்களெல்லாம் திரையில் மெல்ல ஓடியபோது வெளிச்சமாயின.

அப்போதும் நாங்கள் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் படத்தைக் காட்டினோம். 'தலைவாசல்' என்ற சொல் வந்ததும் அவர் சிரித்துவிட்டார். அச்சொல்லின் நடுவே தட்டு விழுகின்றது. நாங்களும் அங்கேயே வெட்டி, 'தலை'க்கு ஒருவனுடைய தலையையும், 'வாசல்'க்கு ஒரு கதவையும் காட்டியிருந்தோம்!

"தலைவாசல் என்றால் வீட்டின் முதல் வாயில், தம்பி! ஓசைக்காகச் சொல்லைப் பிளப்பதற்கு யாப்பில் வகையுளி என்று பெயர். காது அதைப் பொறுத்துக்கொள்ளும், கண் பொறுக்காது" என்றார்.

பாட்டை எழுதிய தாயாரும் அருகில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. அது அவர் வீட்டுத் தலைவாசல். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே எங்களைச் சுட்டது.

மறுநாளே கத்தரியைக் கீழே வைத்தோம். நான்கு மாலைகள் அத்தாயாரிடம் அமர்ந்து, பாட்டினைச் சொல் சொல்லாகக் கேட்டுப் பொருள் அறிந்தோம். மெதுவாக அசையும் காட்சியை மீண்டும் எடுத்தோம்; இம்முறை சொற்கள் விழுங்கப்படவில்லை. பிறகு புதிதாகத் தொகுத்தோம். சொல் முடியும் இடத்தில் சில வெட்டுகள். பாடுபவர் மூச்செடுக்கும் இடத்தில் சில. தட்டுக்கு இரண்டு மூன்று பிரேம் முன்பாகச் சில. 150 துண்டுகள் 58 ஆயின. தலைவாசல் வரும் அடியில் வெட்டே இல்லை. 16 தட்டுகள், ஏறத்தாழப் பத்து நொடி, அத்தாயாரின் முகம் மட்டும் நிற்கின்றது. கதவை நாங்கள் காட்டவில்லை. அவர் முகத்திலேயே அதனைக் காணலாம்.

இன்று படம் தொகுக்கும் கருவி வீட்டுக் கணிப்பொறியிலேயே இருக்கின்றது. ஆனால் எங்கே வெட்டக் கூடாது என்பதனை அக்கருவி சொல்லாது. தாளமும் முழுதாகச் சொல்லாது. பாட்டின் மொழிதான் சொல்லும். அம்மொழியை எங்களுள் மூவர் எழுத்துக்கூட்டிப் படிக்கின்றோம். இருவர் அதுவும் அறியோம். ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். சிறுவர்க்கு நடக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எங்களுக்கும் இடம் தாருங்கள். வயது கடந்தவர்கள் என்று தள்ளிவிடாதீர்கள். கடைசிப் பலகையில் அமர்ந்துகொள்கின்றோம்.

இனிப் படம் திரையில் ஓடும். பிழை கண்டால் சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம்.