குவிமாடமும் கொத்தர் சொல்லும்
(இத்தாலியில் பழங்கட்டடக்கலை பயின்று மீண்ட மாணவர் ஒருவர், தமிழ் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அயல்நாடு சென்று மீண்டவன் ஆங்குக் கண்டவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்லி அயர்விப்பான் என அஞ்ச வேண்டா. ஈராண்டு பிளாரன்சு நகரில் பயின்றேன். ஓவியமும் சிற்பமும் எண்ணிறந்தன கண்டேன். ஆயினும் இன்று ஒரேயொரு குவிமாடத்தைப் பற்றியே பேசுவேன்.

அந்நகரப் பெருங்கோயிலை 1296-இல் கட்டத் தொடங்கினர். சுவர்கள் எழுந்தன. நடுவே ஏறத்தாழ 45 மீட்டர் அகலமுள்ள எண்கோண வாயோ மூடப்படாமலே கிடந்தது. அத்துணை அகலத்திற்குக் கீழிருந்து மரச்சாரம் கட்டித் தாங்குதல் அரிது. புருனெலெச்சி என்பார் சாரமே வேண்டா என்றார். அவர் பொற்கொல்லராய்ப் பயின்றவர். இளமையில் உரோம் நகர் சென்று இடிபாடுகளை அளந்து கற்றவர் என அவர்தம் வரலாறு எழுதினோர் கூறுவர். 1420-இல் தொடங்கிய மாடம் 1436-இல் மூடியது.

463 படிகள். உள்மாடத்திற்கும் புறமாடத்திற்கும் இடையே ஏறிச் செல்லுங்கால், செங்கல் அடுக்கின் நுட்பத்தை அருகிலேயே காணலாம். கிடையாய் வைத்த கற்களுக்கிடையே இடையிட்டு நிமிர்த்தி நாட்டிய கற்கள், சாந்து உலருமுன் வரிசை நழுவாவாறு பிடித்துக்கொள்கின்றன. வளையம் முற்றியதும் அது தன்னைத் தானே தாங்குகின்றது. இவ்வடுக்கிற்கு அந்நாட்டார் இட்ட பெயர் என்ன? மீன்முள்! கூடத்தில் பிறந்த சொல்லன்று. அடுக்களையில் பிறந்த சொல்.

அன்று எம் ஆசிரியர், மாடத்தின் உறுப்புகளையும் கட்டுங் கருவிகளையும் அவரவர் தாய்மொழியில் எழுதுக என்றார். செருமானியப் பெண் எழுதினாள்; கிரேக்க இளைஞன் எழுதினான். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். "இதுவா உன் தாய்மொழி?" என்றார் அவர், இகழ்ச்சியின்றியே. இகழ்ந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

என் தந்தையார் கொத்தர். இரவே தொலைபேசியில் கேட்டேன். கரணை, தூக்குக்குண்டு, மட்டப்பலகை, சாரம், முட்டு என மூச்சுவிடாமற் சொல்லிக்கொண்டே போனார். இரசமட்டம் என்றபோது மட்டும், "நீர்மட்டம் எனலாமே, அப்பா" என்றேன். "எதுவாயினும் சுவர் கோணாமல் இருந்தாற் சரி" என்று நகைத்தார். அவர் தோளிற் சாய்ந்து வளர்ந்த நான் அச்சொற்களை ஒருநாளும் ஏட்டில் எழுதியதில்லை.

பின்னர்தான் அல்பெர்த்தியைத் தேடிப் படித்தேன். ஓவியம் பற்றி இலத்தீனிலும் நூல் செய்த அப்பேரறிஞர், 1436-இல் அதன் தொசுக்கானிய வடிவத்தைப் புருனெலெச்சிக்கே படையலாக்கினார். கட்டியவர்க்குக் கட்டியவர்தம் மொழி! 1441-இல் அம்மாடம் கவிந்த கோயிலிலேயே தாய்மொழிப் பாப்போட்டி ஒன்றையும் நடத்துவித்தார். பொருள், நட்பு. பரிசு, வெள்ளியாலான வாகைமுடி. இலத்தீனில் தோய்ந்த போப்பின் செயலர்கள் நடுவராய் அமர்ந்தனர். பாக்கள் ஒத்த தகுதியின என்று சொல்லி, எவர்க்கும் முடி சூட்டாது கோயிலுக்கே கொடுத்துவிட்டனர்! இத்தகைய நடுவரை நாமும் அறியாதவர் அல்லேம்.

அல்பெர்த்தி ஓயவில்லை. மக்கள்மொழிக்கு இலக்கணம் இல்லை என்றோர்க்கு விடையாகச் சிறு இலக்கணம் ஒன்று யாத்தார். இத்தாலிய மொழிக்கு அதுவே முதல் இலக்கணம். ஆசிரியர் பெயரின்றி 1508-இல் எழுதிய படி ஒன்றிலே அடங்கிக் கிடந்த அது அச்சேறியது 1908-இல்!

நம் கொத்தர்தம் சொற்களுக்கு நானூறு ஆண்டு காத்திருக்க இயலாது. சிமிட்டியும் கம்பியும் வந்தபின் சுண்ணச்சாந்து அரைத்தார் அருகிவிட்டனர். அவரோடு சொல்லும் போகின்றது. தந்தையார் சொல்லச்சொல்ல ஒரு சுவடியில் எழுதி வருகிறேன். வளைவு கட்டுதல் பற்றிய பக்கம் இன்னும் வெறுமையாய் உள்ளது. அவர் வளைவு கட்டியதில்லை. உங்கள் ஊரில் வளைவு கட்டிய முதியோர் இருப்பின், அடுத்த திங்கள் கூட்டத்திற்கு அழைத்து வாருங்கள். சுவடியோடு நான் வந்திருப்பேன்.