வெடி போட்ட மீனும் வாங்குகின்ற கையும்

(திருகோணமலையில் உழவரும் மீனவரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



உணவிலே அறம் என்னும் பொருள்பற்றி நாம் பேசவேண்டுமென்று கேட்டிருக்கிறீர்கள். புலால் உண்ணலாமா, ஆகாதா என்னும் வழக்கை இம்மேடையில் தீர்த்துவைக்க நாம் வரவில்லை. சைவரும் இசுலாமியரும் கிறித்தவரும் கலந்து வாழும் இத்துறைமுக நகரில், ஒருவர் இலையை மற்றவர் எட்டிப் பார்ப்பது பண்பன்று. நாம் எழுப்பும் வினா வேறு. இலைக்கு வந்த பொருள் எவ்வழியால் வந்தது?

நம் கடலில் வெடி போட்டு மீன் பிடிக்கும் கொடுமை நெடுங்காலமாக நடந்து வருகிறது. கல் உடைப்பதற்கென்று பெற்ற வெடிமருந்து கைமாறிக் கடலுக்கு வருகிறது. மீன் கூட்டத்தின் நடுவே வெடி விழுந்ததும், அதிர்ச்சியால் மீனின் காற்றுப்பை கிழிகிறது, முள்ளெலும்பு முறிகிறது, உள்ளே குருதி கசிகிறது. மிதக்கும் மீனை அள்ளுகிறார்கள். காற்றுப்பை கிழிந்தது மிதக்காதாகையால் பெரும்பகுதி அடியில் அமிழ்ந்து, எவர்க்கும் உணவாகாமல் அழுகிப்போகிறது. குஞ்சும் முட்டையும் சேர்ந்தே அழிகின்றன. மீன் ஒதுங்கி வாழும் முருகைக்கற்பாறை நொறுங்குகிறது. மிக மெதுவாகவே வளரும் அப்பாறை மீள்வதற்கு ஒரு தலைமுறை போதாது. வெடி கையிலேயே வெடித்து, கையை இழந்தவர்களும் உண்டு. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட புறாத்தீவு, நிலாவெளிக்கு எதிரே கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அறிவித்தல் பலகை முருகைக்கல்லைக் காப்பதில்லை.

உலகம் இவ்வகையில் நடந்த தூரத்தைப் பாருங்கள். கோழியை அசைய இடமின்றி அடைத்துவைக்கும் வெறுங் கம்பிக் கூண்டுகளை ஒழிக்க ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் விதி செய்தது. பண்ணையாளருக்குத் தவணை கொடுத்து, 2012இல் தடையை முழுமையாக்கியது. பிரித்தானியா 2022இல் இயற்றிய சட்டம் நண்டையும் இறாலையும் கணவாயையும்கூட உணர்ச்சியுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது. (கணவாய்க் கறியில் விருப்பமுள்ள நமக்கு இது சற்றே சங்கடமான செய்திதான்.) அந்தப் பிரித்தானியர் இங்கே விட்டுச் சென்ற மிருகவதைத் தடைச் சட்டமோ 1907ஆம் ஆண்டினது. வீட்டு விலங்கையும் பிடித்து அடைக்கப்பட்ட விலங்கையுமே அது அறியும். அதில் விதிக்கப்பட்ட உச்சத் தண்டப் பணம் நூறு ரூபாய். அதனை மாற்றச் சட்ட ஆணைக்குழு வரைவொன்றை 2006இல் அளித்தது. அமைச்சரவை அதனை ஏற்பதற்கு 2016 வரை சென்றது. அதன் பின்னும் ஆண்டுகள் கழிந்தன.

அறத்தின் பெயரால் கொழும்பு விரைந்து செய்தவை வேறு. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடுக்க அமைச்சரவை தீர்மானித்தது. அதே தீர்மானத்தில், உண்போருக்கு மாட்டிறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுக்கவும் இசைந்தது! இந்நாட்டு மாட்டுக்கு உயிருண்டு, பிறநாட்டு மாட்டுக்கு இல்லையோ? 2021 மே மாதத்தில் செயற்கை உரத்தின் இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தார்கள். மண்ணைக் காக்கும் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் கூட்டெருவுக்கு வழி செய்யாமல், உழவனைக் கேளாமல் இட்ட ஆணையால் விளைச்சல் வீழ்ந்தது. நவம்பரில் தடையையும் விலக்கினார்கள். அந்தப் பெரும்போகத்தில் பட்ட கடனை இங்கே அமர்ந்திருப்போருக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஐரோப்பா பண்ணையாளருக்குக் கொடுத்த தவணை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். நம் உழவனுக்கு ஒரு போகமும் இல்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம், 27ஆம் பிரிவில் வெடியாலும் நஞ்சாலும் மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. அத்துடன் நிற்கவில்லை. அவ்வாறு பிடித்த மீன் என்று அறிந்தும், அறியத்தக்க காரணமிருந்தும், அதனை விற்பதும் வாங்குவதும் ஏற்றிச் செல்வதும் குற்றமென்கிறது. உண்பதற்காக உலகம் கொல்லாதாயின் விலைக்கு ஊன் தருவாரும் இரார் என்னும் கருத்தை, திருவள்ளுவர் புலான்மறுத்தல் அதிகாரத்தில் வைத்தார். வாங்குகின்றவனைப் பொறுப்பாளியாக்கிய அந்த நெறி, ஈராயிரம் ஆண்டுகட்குப் பின் சட்டப் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது. ஆயினும் வழக்கு மன்றங்களில் நாம் கண்டதென்ன? கூண்டில் நிற்பவன் படகிலிருந்த கூலி இளைஞன். முற்பணம் கொடுத்த சம்மாட்டியாரையும், பனிக்கட்டிப் பெட்டியோடு வாடியில் காத்திருந்த லொறிக்காரரையும் அங்கே நாம் கண்டதில்லை.

அறியவில்லை என்று வாங்குவோர் சொல்லலாமோ? வெடிபட்ட மீனின் உடல் துவண்டிருக்கும். வயிற்றைக் கீறினால் முள்ளோடு குருதி உறைந்திருக்கும். எலும்பு சதையை விட்டுக் கழன்றிருக்கும். இதனை நம் வீட்டுத் தாய்மார் சட்டத்தரணிகளைவிட நன்கறிவர். மலிவாகக் கிடைத்ததே என்று பேசாமல் கழுவிச் சட்டியில் இடுகிறோம், அவ்வளவே. தூண்டிலும் வலையும் கொண்டு நேர்மையாகத் தொழில் செய்பவன், அதே சந்தையில் விலை படியாமல் நிற்கிறான்.

ஆகவே இக்கூட்டத்தின் முன் ஒரு தீர்மானம் வைக்கப்படுகிறது. வெடிமீன் வழக்குகளில் வாங்கியவரையும் ஏற்றியவரையும் எதிரிகளாகச் சேர்க்க வேண்டும். கல்லுடைக்கும் இடங்களில் வெடிமருந்துக் கணக்கை மாதந்தோறும் பார்வையிட வேண்டும். வெடியை விட்டு வரும் இளைஞருக்கு வலை வாங்க, கூட்டுறவுச் சங்கங்கள் கடன் வழங்க வேண்டும். கடைசிக் கோரிக்கை இல்லாமல் முதலிரண்டையும் நாம் ஆதரிக்கமாட்டோம். தீர்மானத்தை முன்மொழியுமாறு, கொட்டியாரக் குடாவில் முப்பது ஆண்டுகளாக வலை வீசிவரும் பெரியவரை அழைக்கிறோம்.