சுமை யார் தோளில்? கூலி யார் பையில்?

(திருவண்ணாமலையில் சுமை தூக்கும் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கார்த்திகை தீபத்தன்று இந்த ஊருக்கு லட்சோப லட்சம் மக்கள் வருகிறார்கள். 2,668 அடி மலையின் உச்சியில் ஜோதி தெரிந்ததும் கை கூப்புகிறார்கள். அந்த ஜோதி எரியக் கொப்பரை வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோ நெய் வேண்டும். திரிக்குக் காடாத் துணி வேண்டும். இவை தாமாக மலை ஏறுவதில்லை. மனிதன் தோளில்தான் ஏறுகின்றன. ஜோதியைக் காண்பவர் லட்சம் பேர். சுமந்து ஏறியவரைக் கண்டவர் எத்தனை பேர்?

வருஷம் முழுவதும் நம் கதையும் இதுதான். ஆரணி அரிசி, களம்பூர் அரிசி என்று பட்டணத்துக் கடைகளில் பெயர் சொல்லி வாங்குகிறார்கள். வயலிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து களத்துக்கு, களத்திலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து லாரிக்கு என்று அந்த நெல்லும் அரிசியும் எத்தனை முதுகு மாறி வருகின்றன! விலையைப் பற்றிப் பேசுகிறார்கள், ருசியைப் பற்றிப் பேசுகிறார்கள். முதுகைப் பற்றி நாம்தான் பேசவேண்டும்.

இன்று இரண்டே கேள்விகளை உங்கள் முன் வைக்கிறோம். காண்டிராக்டரிடம் சுமை தூக்குகிறவர்கள் யார்? அவர்கள் கைக்கு வருவது எவ்வளவு?

முதல் கேள்வியை எடுத்துக் கொள்வோம். சுமை தூக்குவதற்கென்று ஒருவரும் பிறப்பதில்லை. நடவும் அறுப்பும் இருக்கும்போது வயலில் நிற்கிற நிலமில்லாத உழைப்பாளிதான், வயலில் வேலை ஓய்ந்ததும் சும்மாட்டையும் கொக்கியையும் எடுத்துக்கொண்டு ஆலை வாசலுக்கு வருகிறான். அவன் மனைவி அதே ஆலையில் களத்தில் நெல் துழாவுகிறாள், கூட்டுகிறாள், சாக்குத் தைக்கிறாள். வட மாவட்டங்களின் அரிசி ஆலைகளில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. இப்பொழுது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற வாலிபர்களும் தமிழ்நாட்டு ஆலைகளிலும் குடோன்களிலும் மூட்டை சுமக்கிறார்கள்.

நிலமில்லாதவன், பெண், பழங்குடி, வெளியூர்க்காரன். இவர்கள்தான் காண்டிராக்டரின் கோஷ்டி. இவர்களுக்குள் பாஷை வேறு, சாதி வேறு. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று. பேரம் பேச வழியில்லாதவர்கள். ஆகவேதான் காண்டிராக்டர் இவர்களைத் தேடிப் பிடிக்கிறார்.

இந்த ஏஜெண்டு முறை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பது நம் ஜில்லாவுக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டிச் சுமக்க வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைகள். செம்மரத்தின் விலை கடல் கடந்து போகிறது. சவப்பெட்டி மட்டும் மலையடிவாரத்துக்கு வந்தது.

இப்பொழுது இரண்டாவது கேள்வி. கூலி எவ்வளவு?

நாமே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கோஷ்டியில் 20 பேர். ஒரு நாளில் 75 கிலோ நெல் மூட்டை 1,000 இறக்கி அட்டி போடுகிறார்கள். தலைக்கு 50 மூட்டை. அதாவது ஒரு மனிதனின் முதுகு அன்று 3,750 கிலோவைச் சுமக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-ல் சுமை எடை பற்றி ஒரு ஒப்பந்தமும் பரிந்துரையும் நிறைவேற்றியது. ஒரு ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருக்குமானால் அதைக் குறைக்க வேண்டும் என்றது அந்தப் பரிந்துரை. இந்தியாவும் பிற்பாடு அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. 75 கிலோ மூட்டை அந்த வரம்புக்கு 20 கிலோ மேலே இருக்கிறது.

"மூட்டையைச் சிறிதாக்கிவிட்டால் சரியாகிவிடுமே" என்று சிலர் சொல்வார்கள். சிறிதாக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கேயும் ஒரு சூது உண்டு. அதே 3,750 கிலோவை 40 கிலோ சிப்பமாகக் கட்டினால் சுமார் 94 நடை. 50 நடை நடந்த கால் 94 நடை நடக்கிறது. எடை குறைந்தது என்று சொல்லி மூட்டை ரேட்டையும் அதே விகிதத்தில் வெட்டினால், முதுகுக்குக் கிடைத்த சலுகையைக் கால் கொடுத்துத் தீர்க்கிறது. எனவே ரேட் பேசும்போது எடையை மட்டும் பேசாதீர்கள். நடையைப் பேசுங்கள், தூரத்தைப் பேசுங்கள், அட்டியின் உயரத்தைப் பேசுங்கள்.

விவசாயத் தோழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் சுமைக் கூலி வெகு காலம் மூட்டைக்கு 3 ரூபாய் 25 காசாக இருந்தது. 94 சிப்பம் தூக்கினால் 305 ரூபாய் 50 காசு. அதுவும் நெல் வருகிற நாளில் மட்டும். இந்தக் கூலியில் ஒரு குடும்பம் பிழைக்குமா? பிழைக்காது. ஆகவே விவசாயியிடம் கை நீட்டும் வழக்கம் வேரூன்றியது. விவசாயி தொழிலாளியைத் திட்டினான். தொழிலாளி விவசாயியைப் பார்த்து முறைத்தான். இருவரையும் மோத விட்டது அந்த 3 ரூபாய் 25 காசு. பிற்பாடு அது 10 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே 94 சிப்பத்துக்கு 940 ரூபாய். இதைச் சும்மா யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. பல வருஷம் கேட்டுக் கேட்டு வந்தது. சுமைக்காரனுக்கு நியாயக் கூலி கிடைத்தால்தான் விவசாயியின் மூட்டைக்கும் பாதுகாப்பு. இதை இரு பக்கமும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இனி பெரிய படத்தைப் பார்ப்போம். இந்திய உணவுக் கார்ப்பரேஷன் 1965-ல் துவங்கியது. அதன் முதல் ஜில்லா ஆபீஸ் நம் தஞ்சாவூரில்தான். அதைச் சீர்திருத்த 2014-ல் மத்திய சர்க்கார் சாந்தகுமார் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. 2015 ஜனவரியில் அறிக்கை வந்தது. அதில் சுமைத் தொழிலாளர் கணக்கு இருக்கிறது. கார்ப்பரேஷனின் சொந்தத் தொழிலாளர் சுமார் 16,000 பேர். நேரடிப் பட்டுவாடா முறையில் சுமார் 26,000 பேர். காண்டிராக்டரின் கீழ் சுமார் 1 லட்சம் பேர். அதாவது பத்தில் ஏழு பேர் காண்டிராக்டரின் ஆட்கள். மாதம் ஒரு ஆளுக்கு ஆகும் செலவு: சொந்தத் தொழிலாளிக்கு சுமார் 79,500 ரூபாய்; நேரடிப் பட்டுவாடாவுக்கு 26,000; காண்டிராக்ட் தொழிலாளிக்கு 10,000. மூட்டை ஒன்றே, குடோன் ஒன்றே, முதுகும் ஒன்றே. செலவில் எட்டு மடங்கு வித்தியாசம்! அந்த 10,000-மும் கார்ப்பரேஷன் செய்த செலவுதான். அது முழுவதும் தொழிலாளி கைக்கு வந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

பத்திரிகைகள் எதைப் பெரிதாகப் போட்டன? 2014 ஆகஸ்டில் 300-க்கும் அதிகமான தொழிலாளர் நிலுவையும் சேர்த்து 4 லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கினார்கள் என்பதை. இதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. ஒருவன் பெயரில் இன்னொருவன் சுமக்கும் பினாமி முறை அங்கே இருந்தது என்று அதே அறிக்கை சொல்கிறது. அது அநியாயம், சுமக்கிறவனைச் சுரண்டுகிறவன் தொழிலாளியாக இருந்தாலும் அது சுரண்டல்தான். கேரளத்தில் வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்குக் கேட்ட 'நோக்குகூலி' 2018 மே 1 முதல் ஒழிக்கப்பட்டதும் சரியே. ஆனால் 300 பேரைக் காட்டி, 1 லட்சம் பேரின் 10,000 ரூபாயை மறைப்பது என்ன நியாயம்?

வழி இல்லாமல் இல்லை. மகாராஷ்டிரத்தில் 1969-ல் மத்தாடி தொழிலாளர் சட்டம் வந்தது. வியாபாரியும் தொழிலாளியும் வாரியத்தில் பதிய வேண்டும். கூலியையும் அதற்கு மேல் லெவியையும் வியாபாரி வாரியத்தில் கட்டுகிறார். வாரியம் கூலியைத் தொழிலாளிக்குப் பட்டுவாடா செய்கிறது. லெவியிலிருந்து பிராவிடண்ட் பண்டு, கிராஜுட்டி, போனஸ். இடையில் மேஸ்திரியின் பைக்கு வேலை இல்லை. கேரளம் 1978-ல் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டிலும் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1999-ல் நலவாரியம் அமைந்தது. பதிந்தவருக்கு விபத்து உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. நல்லதுதான். ஆனால் மகாராஷ்டிரத்தைப் போல நம் கூலி வாரியத்தின் வழியாக வருவதில்லை. கூலி இன்னும் மேஸ்திரியின் கையில்தான். முதுகு முறிந்த பிறகு உதவி கிடைக்கிறது. முறியாமல் காக்கும் ரேட் கிடைக்கவில்லை.

1970-ன் காண்டிராக்ட் தொழிலாளர் சட்டமும் இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்கள் அமலாகிவிட்டன. முன்பு 20 ஆள் வைத்த காண்டிராக்டர் சட்டத்துக்குள் வந்தார். இப்பொழுது 50 ஆள் வேண்டும். 45 பேரை வைத்துக் கொள்பவர் நழுவிவிடுவார். ஆனாலும் கையில் இருக்கிற ஆயுதத்தைக் கீழே போடக் கூடாது. கூலிச் சீட்டுக் கொடுக்க வேண்டும், ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பவை கூலித் தொகுப்புச் சட்டத்திலும் உண்டு. காண்டிராக்டர் கூலி தராமல் போனால் ஸ்தாபனத்தின் சொந்தக்காரர் பொறுப்பு என்பதும் அதில் உண்டு. எழுத்தில் உள்ளதைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும்.

நாங்கள் ஆலை வாசல்களில் நின்று கேட்டோம்: "அண்ணே, காண்டிராக்டர் நோட்டில் உங்க பேர் இருக்கா?" பலருக்குத் தெரியவில்லை. ஒரு அம்மா சொன்னார்: "எங்க பேரு இருக்காதுப்பா. எங்க வூட்டுக்காரர் பேருலதான் என் கூலியும் சேர்த்து எழுதுவாங்க." இங்கேதான் துவங்க வேண்டும் தோழர்களே! பேர் இல்லாதவனுக்கு ரேட் இல்லை. ரேட் இல்லாதவனுக்குச் சட்டம் இல்லை.

ஆகவே அடுத்த ஒப்பந்தம் எழுதப்படுவதற்கு முன் நான்கு காரியம் செய்வோம். ஒன்று, சுமக்கிற ஒவ்வொருவர் பெயரும், பெண்கள் பெயர் தனியாக, மஸ்டரில் ஏற வேண்டும். இரண்டு, மூட்டை எடையும் ரேட்டும் ஆலை வாசலில் எழுதி ஒட்டப்பட வேண்டும். மூன்று, 18 வயது நிறைந்த எல்லோரும் நலவாரியத்தில் பதிய வேண்டும். நான்கு, பீகார் தம்பியைப் பகைக்காதீர்கள். ரேட்டைக் குறைத்தவன் அவன் அல்ல. குறைந்த ரேட்டுக்கு அவனை ரயிலேற்றியவர் வேறு. அவன் பெயரையும் நம் பட்டியலில் எழுதுங்கள். அவன் வெளியே நின்றால் அவனைக் காட்டியே நம் கூலியை வெட்டுவார்கள்.

இந்த ஊர்த் தேரை ஒருவர் இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? வடம் நீளமாக இருப்பதே எல்லோரும் பிடிப்பதற்காகத்தான். இன்று இரவே ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் கோஷ்டியின் பெயர்களை எழுதுங்கள். சங்கம் அங்கிருந்து துவங்கட்டும்.