பழைய கணினியும் புதிய முயற்சியும்



மருதானையில் நான் ஒரு பழைய மடிக்கணினியை வாங்கி வந்தபோது, "குப்பைக்கும் காசா?" என்றார் தந்தையார். லினக்ஸை நிறுவினேன்; அது உயிர்பெற்றது. அதிலேயே கைத்தொலைபேசிக்கு ஒரு விளையாட்டை எழுதினேன். பலமுறை பிழைத்து, ஒருநாள் ஓடியது. முதலில் விளையாடியவர் தந்தையாரே!

லினக்ஸ், 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் தொடங்கியது. அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது நம் நாட்டுத் தன்னார்வலர் ஆக்கிய 'சகானா' நிவாரண மென்பொருளும் இவ்வழி வந்ததே. மறுவருடம் பாகிஸ்தான் பூகம்பத்திலும் அது உதவிற்று.

பெரியோர்களே, அலுமாரியில் உறங்கும் பழைய கணினிகளைச் சங்கத்துக்குத் தந்துதவுங்கள். நண்பர்களே, விளையாடுவதோடு நில்லாது, ஆக்கவும் கற்போமாக.