வழியில் நின்றவன் சொல்வது

(பெங்களூரு மல்லேஸ்வரத்தில் நடைபெற்ற மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னை அறிமுகப்படுத்தும்போது 'சாகசப் பிரயாணி' என்று சொன்னார். அவருக்கு என் மேல் பிரியம் அதிகம். உண்மையில் நான் இரண்டு வருஷத்தில் நான்கு தடவை வழியில் நின்றவன். அந்த நான்கு தடவையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். க்ஷேத்ர மஹிமையைச் சொல்ல இந்தச் சபையில் என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நடு ரோட்டில் நின்ற அனுபவம் எனக்குத்தான் கூடுதல்.

முதலில் வண்டியைப் பற்றி. மோட்டார் ஹோம் என்றால் பலருக்குப் புரிவதில்லை. கேரவன் என்றால் உடனே, "என்ன ஸார், சினிமாவில் சேர்ந்துட்டேளா?" என்கிறார்கள். படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டியின் சிறிய தம்பிதான் இது. டெம்போ டிராவலர் அளவு. உள்ளே ஒரு படுக்கை, சின்ன அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஒரு ஆள் நிற்கும்படி ஸ்நான அறை. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2010 வாக்கில் இதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவைப் பெரிதாக ஆரம்பித்தது. நம் பெங்களூரிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் வாடகை வண்டி பெரும்பாலும் டிரைவரோடுதான் வரும். என்னுடையது சொந்த வண்டி, பழையது, மோட்டார் கேரவன் என்றே ஆர்.டி.ஓ.வில் பதிவானது. இதை ஏன் சொல்கிறேனென்றால், வீட்டிலுள்ள வேனில் நாமே கட்டிலும் அடுப்பும் பொருத்திக் கிளம்பிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அனுமதியில்லாத மாற்றத்தைத் தடுக்கிறது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

என் ஸஹதர்மிணி இருந்தபோது வாங்கிய வண்டி. வெளியில் சாப்பிடாத பழக்கம் அவளுக்கு. போகுமிடமெல்லாம் தன் அடுப்பு வேண்டும் என்பாள். சேர்ந்து போனது இரண்டே யாத்திரை. பிறகு நான் மட்டும் போக ஆரம்பித்தேன். வண்டியை விற்றுவிடும்படி ஹைதராபாத்தில் இருக்கும் என் பெண் அப்போதே சொன்னாள்.

முதல் தடவை நின்றது தும்கூர் ரோடில், சிரா தாண்டி ஹிரியூர் போகும் வழியில். பின்பக்கத்தில் 'டப்' என்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பிரேக்கை அழுத்தவில்லை. அது மட்டும் சரியாகச் செய்தேன். ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையவிட்டு ஓரம் கட்டினேன். அதற்கப்புறம் செய்ததெல்லாம் தவறு. முக்கோணப் பலகையை எடுத்து வைக்காமல், 67 வயதில் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜாக்கியோடு ரோடின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். லாரிகள் ஒரு கை தூரத்தில் போகின்றன. நாமக்கல் லாரி ஒன்று சற்று முன்னால் போய் நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "ஐயா, மொதல்ல எந்திரிச்சு அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்று அதட்டினார். அவரும் கிளீனருமாகச் சக்கரத்தை மாற்றினார்கள். கழற்றிய டயரைக் காட்டி, "பட்டன் தேயவே இல்லை பாருங்க. ஆனா டயருக்கு வயசாயிடுச்சு" என்றார்.

அன்றுதான் கற்றுக்கொண்டேன். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். என் டயரில் 2316 என்று இருந்தது. 2016-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. தினமும் ஓடும் லாரியின் டயர் தேய்ந்து போகிறது. நம் மாதிரி அபார்ட்மெண்ட் வாசலில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டயர், தேயாமலே உள்ளுக்குள் வெடித்து இற்றுப் போகிறது. உங்கள் காருக்கும் இது பொருந்தும். வீட்டுக்குப் போனதும் குனிந்து பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்று ஓர் எண் உண்டு, ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. கூப்பிட வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

என் பெண்ணிடம் இதைச் சொல்லவில்லை.

இரண்டாவது, குண்டுலுபேட்டையில். கோயம்புத்தூர் போக வேண்டும், மைசூரில் ஒரு சிநேகிதர் அகத்தில் பேச்சு நீண்டுவிட்டது. பந்திப்பூர் செக்போஸ்டை அடையும்போது 9 மணி தாண்டிப் பத்து நிமிஷம். குண்டுலுபேட்டையிலிருந்து ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் பிரியும் இரண்டு சாலைகளிலும் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து கிடையாது. சத்தியமங்கலம் வழியாகப் போகலாமென்றால் திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு. யானைக்கும் புலிக்கும் அந்த ஒன்பது மணி நேரமாவது வேண்டாமா? கேட் போட்டவரிடம் நான் வாதாடியிருக்கக் கூடாது.

திரும்பிவந்து ஒரு பெட்ரோல் பங்க்கில் அனுமதி கேட்டு நிறுத்திப் படுத்தேன். காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. நல்ல மோட்டார் ஹோமில் இரண்டு பாட்டரி இருக்க வேண்டும். ஒன்று எஞ்சினைக் கிளப்ப, மற்றது விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும். நடுவில் இரண்டையும் பிரித்து வைக்க ஒரு கருவி. என் பழைய வண்டியில் அந்தக் கருவி கெட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியாது. ராத்திரி முழுவதும் ஃப்ரிட்ஜ் ஓடி இரண்டையும் உறிஞ்சிவிட்டது.

எனக்குப் பாட்டரியைவிட இன்ஸுலின் கவலை. ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது, மருந்து வீணாகிவிட்டது, இன்றைக்கே திரும்ப வேண்டியதுதான் என்று கை நடுங்கியது. மைசூர் சிநேகிதர் ஓய்வு பெற்ற டாக்டர், போனில் சிரித்தார். திறக்காத இன்ஸுலின்தான் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். உபயோகத்தில் இருப்பது பெரும்பாலும் சுமார் நான்கு வாரம் வரை சாதாரண அறைச் சூட்டிலேயே, 30 டிகிரிக்குள், கெடாமல் இருக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு சற்று மாறும். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துப் பாருங்கள், உங்கள் டாக்டரையும் கேளுங்கள். ஃப்ரீசர் பக்கத்தில் வைத்து உறைந்து போனால் தூக்கி எறிய வேண்டும். பூட்டிய வண்டிக்குள் வெயிலில் வைப்பதும் ஆகாது. இப்போது நான் ஒரு சின்ன மண்பானையில் ஈரத்துணி சுற்றி அதற்குள் வைக்கிறேன். ஒரு டாக்ஸிக்காரர் ஜம்ப் கேபிள் கொடுத்து வண்டியைக் கிளப்பிவிட்டார். அந்தக் கேபிளை நான் வைத்திருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதையும் பெண்ணிடம் சொல்லவில்லை.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. சிக்கமகளூர் பக்கம் விடியற்காலையில் எழுந்தேன்; லேசாக காஸ் வாசனை. எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாமென்று ஸ்விட்சை நோக்கிக் கை போய்விட்டது. எப்படியோ பகவத் கிருபை, நிறுத்திக்கொண்டேன். சமையல் காஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். வீட்டிலாவது வாசற்படி வழியாக வெளியேறும். வண்டி ஒரு டப்பா. ஸ்விட்சைப் போட்டாலும் அணைத்தாலும் பொறி வரும். கதவைத் திறந்து இறங்கி, வெளியிலிருந்து சிலிண்டரை மூடிவிட்டு, அரை மணி ஒதுங்கி நின்றேன். குலுங்கிக் குலுங்கி ரப்பர் குழாய் கிளிப்பின் அருகே விரிந்திருந்தது. வீட்டில் ஐந்து வருஷம் வரும் குழாயை வண்டியில் நான் இப்போது வருஷா வருஷம் மாற்றுகிறேன். ராத்திரி படுக்கும் முன் சிலிண்டர் வாயில் மூடியாகிவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்ப்பேன்.

அதையும் சொல்லவில்லை. சொன்னால் வண்டி போய்விடும். வண்டி போனால் நாலு சுவர், டி.வி., சாயந்திரம் பார்க் பெஞ்ச். அதற்குத்தான் பயந்தேன்.

நான்காவது, ஆகும்பே. 'மால்குடி டேஸ்' தொடரைப் படமெடுத்தார்களே, அதே ஊர். சிருங்கேரியிலிருந்து அதிக தூரமில்லை. அன்றிரவு சிருங்கேரியில் தங்குவதாகப் பெண்ணிடம் சொல்லியிருந்தேன். மழை விட்டு வானம் தெளிந்திருந்தது, ஆகும்பேயில் சூரியாஸ்தமனம் பார்க்க ஆசை வந்தது, போய்விட்டேன். ஊருக்குச் சற்று வெளியே, ஒரு பாக்குத் தோட்டத்தின் ஓரமாக நிறுத்தினேன். போனில் டவர் இல்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தேன்.

விடியற்காலை நாலே முக்கால் இருக்கும். ஸந்தியாவந்தனத்துக்குத் தண்ணீர் எடுக்க இறங்கினேன். இரும்புப் படி, பாசி, ஈரம். கணுக்கால் மடங்கி விழுந்தேன். காலை ஊன்ற முடியவில்லை. போன் உள்ளே, தலையணை அருகில். படி மூன்றுதான், மூன்றும் ஏற முடியவில்லை. கத்தினால் தவளைகள் பதில் சொல்கின்றன.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கொஞ்ச நேரத்தில் உடம்பு வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்ட ஆரம்பித்தது. முதல் நாள் ராத்திரி இன்ஸுலின் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடவில்லை. சர்க்கரை இறங்குகிறது என்று தெரிந்துவிட்டது. கல்கண்டு டப்பாவும் உள்ளேதான். அப்போதுதான் உறைத்தது: நான் இந்த இடத்தில் இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பெண் தேடினால் சிருங்கேரியில் தேடுவாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பால் கறக்கக் கிளம்பிய தோட்டக்காரர் வண்டியைப் பார்த்து வந்தார். கன்னடத்தில் "ஏனாய்த்து ராயரே?" என்றார். எனக்கு நாக்குக் குழறியது. அவரும் பிள்ளையுமாகத் தூக்கிக்கொண்டுபோய்த் திண்ணையில் உட்கார வைத்தார்கள். வீட்டு அம்மாள் ஒன்றுமே கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு தட்டில் வெல்லக்கட்டியும் சொம்பில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். மலைநாட்டில் யார் வந்தாலும் முதலில் வெல்லமும் தண்ணீரும் கொடுப்பது அவர்கள் சம்பிரதாயம். என் வியாதி அவளுக்குத் தெரியாது. விருந்தாளி வந்தால் செய்வதைச் செய்தாள். அந்த வெல்லத்தில்தான் நான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

108 ஆம்புலன்ஸ் வந்து தீர்த்தஹள்ளிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பில் கீறல், ஆறு வாரம் கட்டு. பெண் மறுநாள் வந்து சேர்ந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். கட்டிலருகில் உட்கார்ந்து மெதுவாக, "அப்பா, இது எத்தனாவது தடவை?" என்று கேட்டாள். எப்படித்தான் கண்டுபிடித்தாளோ. நாலாவது என்றேன். "வண்டியை விக்கச் சொன்னது நீ விழுவேன்னு இல்லேப்பா. நீ விழுந்தா எனக்குச் சொல்ல மாட்டேன்னுதான்" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் இல்லை.

வண்டியை விற்கவில்லை. ஆனால் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். காலை ஸந்தியாவந்தனம் முடிந்ததும் ஒரு போன், சாயந்திரம் நிறுத்திய இடத்திலிருந்து ஒரு போன். டவர் இல்லாத இடத்தில் ராத்திரி தங்குவதில்லை. திட்டம் மாறினால், மாறுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் தாண்டி போன் வரவில்லையென்றால் கடைசியாகச் சொன்ன இடத்துக்கு ஆள் அனுப்ப ஏற்பாடு செய்வாள், என்னைக் கேட்க மாட்டாள். போனும் கல்கண்டும் ஒரு சின்னப் பையில் என் கழுத்திலேயே தொங்குகின்றன, இதோ. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு அட்டையில் என் பெயர், வியாதி, மருந்து, பெண்ணின் நம்பர் எல்லாம் கன்னடத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பேச முடியாதபோது நம் படிப்பும் பதவியும் உதவுவதில்லை, அந்த அட்டை உதவும்.

இந்த உரை நம் பத்திரிகையில் வரப்போவதாகச் செயலாளர் சொல்கிறார். வெளியூர் அங்கத்தினர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரில் ஒரு வண்டி ராத்திரி நிற்குமளவு வாசலோ காலி மனையோ இருந்தால் சங்கத்துக்கு ஒரு தபால் கார்டு போடுங்கள். சாப்பாடு வேண்டாம், அடுப்பு என்னிடம் இருக்கிறது. இன்னார் இங்கே நிற்கிறார் என்று தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். என்னைப் போல இன்னும் இரண்டு மூன்று பேர் கிளம்பத் தயாராக இருக்கிறார்கள். அவர்கள் அகத்தில் இன்னும் சொல்லவில்லையாம். அதனால் பெயரைச் சொல்லமாட்டேன். சொல்லிவிட்டு வாருங்கள் என்று மட்டும் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

காபி ஆறுகிறது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார். வண்டி கீழே வாசலில்தான் நிற்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள். படியில் இப்போது சொரசொரப்பான பட்டையும் பக்கத்தில் கைப்பிடியும் போட்டிருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டே ஏறுங்கள், இறங்கும்போது திரும்பி நின்று இறங்குங்கள்.