கேம்ப் என்னும் நம் பகுதி
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா என இரு கடல்களுக்கு நடுவே நம் மண்டபம் இருக்கிறது. வாடைக்காற்று வீசினால் தென்கடல், கச்சான் வீசினால் வடகடல் என்று தொழில் செய்யும் நமக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நாம் பேச வந்தது, ரயிலிலும் பஸ்ஸிலும் 'கேம்ப்' என்று டிக்கெட் கேட்கிறோமே, அந்தப் பகுதியைப் பற்றி.

இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய காலத்தில், இலங்கை அரசாங்கமே நம் மண்ணில் நடத்திய நோய்த்தடுப்பு முகாம் அது. கங்காணியின் பின்னால் மூட்டை முடிச்சுடன் வந்த ஏழைகளை இங்கே சில நாள் நிறுத்தி, அம்மை குத்தி, நோயில்லை என்று கண்ட பிறகே அனுப்பினார்கள். 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தின் வழியே தனுஷ்கோடிக்கு ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1939-ல் இந்திய அரசாங்கம் தோட்டங்களுக்கு ஆள் போவதைத் தடை செய்தது.

1949-ல் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இங்கு வந்தது. 1971-ல் அதன் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும், மண்டல மையம் நம்மோடு இருக்கிறது. படித்தவர்கள் இந்தப் பெருமையைத்தான் முதலில் சொல்வார்கள்.

ஆனால் முகாமின் கதை முடியவில்லை. 1964 அக்டோபரில் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றானது. அதே டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்திற்கே வந்தது. தாத்தா போன வாசலில் பேரன் திரும்பி வந்து நின்றான். 1983 கலவரத்திற்குப் பின் வந்தவர்களோ, பிழைப்புக்கல்ல, உயிருக்கு அஞ்சி வந்தார்கள்.

அகதி முகாம் என்ற பெயரை 2021-ல் தமிழக அரசு மறுவாழ்வு முகாம் என மாற்றியது. பெயர் மாறினாலும் நிலைமை மாறவில்லை. 1987 ஜூலைக்குப் பின் இங்கேயே பிறந்தாலும், பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்கள் அல்லர் என்றால் பிள்ளைக்குப் பிறப்புரிமையாகக் குடியுரிமை கிடையாது.

சட்டம் டில்லியில் இருக்கிறது. நம் வாய்ச்சொல் நம்மிடம்தானே இருக்கிறது? நாற்பது ஆண்டு நம்மோடு திருப்பலி கண்டவர்களையும் 'கேம்ப்காரர்கள்' என்கிறோம். வரன் பேசும்போது, கேம்பில் வீடு என்று சொல்ல நாமே கூசுகிறோம்.

இம்மலருக்காகக் குடும்பப் பட்டியல் எழுதியபோது, முகாம் குடும்பங்களைத் தனித் தலைப்பிட்டுக் கடைசியில் வைத்திருந்தோம். ஒரு பாட்டி பார்த்துவிட்டு, "நாங்க கடைசியா, சாமி?" என்றார். அச்சுக்குப் போகுமுன் அந்தத் தலைப்பை அடித்துவிட்டு, தெரு வரிசையிலேயே சேர்த்துவிட்டோம்.