மனச்சோர்வு மாத்திரையும் தமனியின் நலமும்



தமிழாசிரியனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். என் இல்லத்தில் நேர்ந்ததே என்னைப் பேசவைக்கிறது. என் தம்பி மனச்சோர்வுக்கு ஈராண்டு மாத்திரை உண்டு தேறிவந்தான். அது இரத்தக் குழாயைக் கெடுக்கும் என்று எவரோ சொல்லக் கேட்டு, மருத்துவரைக் கலவாமல் ஒரே நாளில் நிறுத்திவிட்டான். தலைசுற்றலும் உறக்கமின்மையும் வந்தன. அடுத்த மாதமே பழைய இருளும் சூழ்ந்தது. அவன் கேட்ட செய்தி முழுப் பொய்யுமன்று, முழு உண்மையுமன்று.

2011இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தார், வியட்நாம் போர்க்காலத்தில் படைப்பணி புரிந்த 513 இரட்டையர் ஆடவரை ஆய்ந்த முடிவை வெளியிட்டனர். கழுத்திலுள்ள கரோட்டிட் தமனியின் சுவர்த் தடிப்பை ஸ்கேன் கருவியால் அளந்தனர். ஒருவர் மட்டும் மாத்திரை உண்ட 59 இணைகளில், உண்டவரின் சுவர் ஏறத்தாழ 41 மைக்ரான் மிகுந்திருந்தது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். ஓர் அகவைக்குச் சுமார் 10 மைக்ரான் அச்சுவர் தடிக்கும் என்பர். அக்கணக்கில் இது நாலாண்டு மூப்பு முந்தி வந்தது போலாம்.

ஆயினும் உடன்நிகழ்வன யாவும் காரண காரியம் ஆகா. மருந்து வேண்டுமளவு நோய் முற்றியவரின் தமனி, அந்நோயாலேயே கெட்டிருக்கவும் கூடும். மனச்சோர்வு இதயத்திற்குப் பகை என்பது மருத்துவர் அறிந்ததே. மேலும், தென்கொரியாவில் திடீர் இதயக் குழாய் நோயோடு மனச்சோர்வும் உற்ற 300 பேரை ஆய்ந்த முடிவு 2018இல் வந்தது. அவர்களுள் 24 வாரம் எஸ்சிட்டலோபிராம் உண்டவர்க்கு, பின்வந்த சுமார் எட்டாண்டுகளில் மாரடைப்பு, குழாய் அடைப்பு நீக்கும் சிகிச்சை, மரணம் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தது நூற்றுக்கு 41 பேருக்கு. வெற்று மாத்திரை உண்டவருள் 54 பேருக்கு.

ஆகவே ஐயம் எழுந்தால் மருத்துவரிடமே கேளுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை அளந்து பாருங்கள். நிறுத்த வேண்டுமாயினும் அவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறையுங்கள்.

நம் வீடுகளில் சர்க்கரை மாத்திரை மேசைமேல் இருக்கிறது. மன மாத்திரையோ பீரோவில் துணிக்கு அடியில் ஒளிகிறது. என் தம்பியும் ஒளித்தே உண்டான். அதனால் நிறுத்தியதும் எங்களுக்குத் தெரியவில்லை. மீண்டும் மருத்துவரை அணுகி இன்று நலமாயிருக்கிறான். மாத்திரை இப்போது மேசைமேல் இருக்கிறது.